வயதை விடுங்கள், தகட்டைப் பாருங்கள்

"பதினஞ்சு வருஷம் தாண்டிடுச்சா? காயலான் கடையில போட்டுட்டு வேற வேலையப் பாரு." இந்தப் பேச்சு இப்போது தீர்ப்பாகவே ஆகிவிட்டது. ஷோரூமில் சொல்கிறார்கள், டீக்கடையில் சொல்கிறார்கள், வண்டியே ஓட்டத் தெரியாத உறவினரும் சொல்கிறார். கூடவே இன்னொன்றும் வரும்: "டிங்கரிங்னா என்ன, ஓட்டையில பட்டி பூசி ஏமாத்துறதுதானே." முதல் பேச்சு வண்டியைச் சாகடிக்கிறது. இரண்டாவது, அந்த வண்டியைப் பிழைக்கவைக்கத் தெரிந்தவரின் பிழைப்பைக் கெடுக்கிறது. ராயபுரம் தொடங்கி தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், எண்ணூர் வரைக்கும் சாலையோரக் கொட்டகைகளில் சுத்தியல் சத்தம் கேட்டு வளர்ந்த பகுதியில் இருந்துகொண்டு இந்த இரண்டையும் தலையாட்டி ஏற்க என்னால் முடியாது. இரண்டும் தப்பு.

முதலில் சட்டத்தைப் பார்த்துவிடுவோம். 15 ஆண்டு ஆன சொந்த வண்டியை உடைத்தே தீர வேண்டும் என்ற விதி தமிழ்நாட்டில் கிடையாது. தகுதிச் சோதனைக்குக் காட்டி, கட்டணம் கட்டி, ஐந்தாண்டுக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பித்துக்கொள்ளலாம். டீசலுக்கு 10 ஆண்டு, பெட்ரோலுக்கு 15 ஆண்டு என்ற கெடு டெல்லி வட்டாரத்தின் காற்றுக்காகப் பசுமைத் தீர்ப்பாயம் போட்டது; 2018-இல் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. அந்த ஊர்க் கெடுவை இந்த ஊரில் ஒப்பிக்கிறோம். 2021 ஆகஸ்டில் பிரதமர் தொடங்கிவைத்த வாகன அழிப்புத் திட்டமும் உரிமையாளர் விரும்பினால் ஒப்படைக்கலாம் என்றே சொல்கிறது. ஆண்டுக்கணக்கை மட்டும் வைத்துப் பதிவு நிறுத்தப்படுவது அரசு வண்டிகளுக்குத்தான், 2023 ஏப்ரல் 1 முதல். மற்றவர்களைச் சட்டம் போகச் சொல்லவில்லை என்றாலும் கட்டணம் பிடித்துத் தள்ளுகிறது. 600 ரூபாயாக இருந்த காரின் மறுபதிவுக் கட்டணம் 2022 ஏப்ரலில் 5,000 ஆனது. 20 ஆண்டு தாண்டிய காருக்கு 2025 ஆகஸ்டில் 10,000 ஆனது. காரின் நிலைமை எப்படி இருந்தாலும் தொகை ஒன்றுதான். தகடு முழுதாக இருக்கும் வண்டிக்கும், உதைத்தால் கால் உள்ளே போகும் வண்டிக்கும் ஒரே கட்டணம் என்றால், நன்றாகப் பராமரித்தவனுக்கு என்ன மரியாதை?

இரும்பின் ஆயுளை எப்படி அளக்க வேண்டும் என்று இந்தப் பகுதிக்கு யாரும் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. எண்ணூருக்கு வடக்கே காட்டுப்பள்ளியில் கப்பல் பழுதுபார்க்கிறார்கள். 2022 ஆகஸ்ட் 7 அன்று அமெரிக்கக் கடற்படையின் சார்லஸ் ட்ரூ என்ற சரக்குக் கப்பல் அங்கே வந்து பழுதுபார்த்துக்கொண்டு போனது. அமெரிக்கக் கடற்படைக் கப்பல் ஒன்று இந்தியாவில் பழுதுக்கு நின்றது அதுவே முதல் தடவை. கப்பலுக்கு வயது பார்ப்பதில்லையா? பார்க்கிறார்கள். ஆனால் வயதானால் சோதனை கடுமையாகும், அவ்வளவுதான். ஐந்தாண்டுக்கு ஒருமுறை பெரிய ஆய்வு. உடம்பு முழுக்க ஒலியலைக் கருவியை வைத்துத் தகட்டின் கனத்தை அளப்பார்கள். அனுமதித்த அளவுக்கு மேல் தேய்ந்திருந்தால் அந்த இடத்தை மட்டும் வெட்டி எடுத்துவிட்டு அதே கனத்தில் புதுத் தகடு பற்றவைப்பார்கள். நூற்றுக்கணக்கான இடத்தில் ஒட்டுத் தகடு போட்ட கப்பல்தான் உலகச் சரக்கைச் சுமந்துகொண்டு நம் துறைமுகத்துக்கு வருகிறது. அதை யாரும் ஒப்பேற்று வேலை என்று சொல்வதில்லை.

பெரம்பூரிலும் இதுதான் நடக்கிறது. ஐ.சி.எஃப். 1955-இலிருந்து ரயில் பெட்டி கட்டுகிறது. அந்தப் பெட்டிகளில் பல குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை பெரம்பூர் கேரேஜ் பணிமனைக்குத் திரும்பி வரும். சக்கரத் தொகுதியைக் கழற்றி, அரித்துப்போன அடித்தகட்டையும் பக்கச் சட்டத்தையும் வெட்டி மாற்றி, பெயிண்ட் அடித்து அனுப்புகிறார்கள். பேருந்துக்கும் இதே வழிதான். 2023 ஆகஸ்டில் முதலமைச்சர் கொடியசைத்து அனுப்பிய 100 மஞ்சள் பேருந்துகளை நினைவிருக்கிறதா? பழைய சேசிஸின்மேல் புதுக்கூடு கட்டிய வண்டிகள் அவை. அரசு தன் பேருந்துக்குச் செய்தால் அது புதுப்பித்தல். அதையே ஒரு மீன் வியாபாரி தன் வண்டிக்குச் செய்தால் ஏமாற்று வேலையா?

இன்னும் பின்னே போனால், வண்டியின் கூடு என்பது தொடக்கத்திலிருந்தே கைவேலைதான். 1948-இல் ஆஸ்டின் கார் பூட்டுவதற்காகத் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ், 1955-இல் அசோக் லேலண்ட் ஆனது. எண்ணூர் ஆலையிலிருந்து கிளம்பிய வண்டிகளில் பெரும்பங்கு வெறும் சேசிஸாகவே போனது. ஓட்டுநர் காற்றில் உட்கார்ந்து, முகத்தில் துணியைக் கட்டிக்கொண்டு ஓட்டிப்போவதை நெடுஞ்சாலையில் பார்க்காதவர் இல்லை. கரூரிலும் நாமக்கல்லிலும் அதற்குக் கூடு கட்டினார்கள். தகட்டை வெட்டி, வளைத்து, தட்டி, பற்றவைத்துக் கட்டிய கூடு அது. கையால் கட்டியதைக் கையால் பிரித்துத் திரும்பக் கட்ட முடியாது என்று யார் சொன்னது?

சரி, பெயிண்டை உரிப்பதற்கு வருவோம். இந்த வாதம் முழுக்க நிற்பது அதன்மேல்தான். பழைய வண்டியின் உண்மை நிலைமை பெயிண்டுக்கு அடியில் இருக்கிறது. ஆர்.சி. புத்தகத்தில் இருக்கும் ஆண்டு அதைச் சொல்லாது. பெயிண்டை உரித்துத் தகட்டை வெறுமையாக நிறுத்திப் பார்ப்பதைவிட நேர்மையான சோதனை ஒரு வண்டிக்குக் கிடையாது. 

காசிமேட்டில் மீன் ஏற்றும் குட்டி யானை ஒன்றை எடுத்துக்கொள்வோம். குட்டி யானை என்று நாம் கூப்பிடும் டாடா ஏஸ் 2005-இல் சந்தைக்கு வந்தது; அந்தக் காலத்து வண்டிகளெல்லாம் இந்த 15 ஆண்டுக் கோட்டைத் தாண்டிவிட்டன. மீன் வண்டிக்கு வரும் நோய் தனி. ஐஸ் உருகிய தண்ணீர் மீனின் உப்பையும் சேர்த்துக்கொண்டு பின்தளத்தின் மூலைகளில் தேங்கும். அங்கிருந்து தளத்தைத் தாங்கும் கிராஸ் மெம்பரின் மடிப்புக்குள் இறங்கும். மேலே தளம் பளிச்சென்று இருக்க, அடியில் இரும்பு அடுக்கடுக்காகப் பிஸ்கட் மாதிரி உதிரும். கதவுக்கு வருவதும் உள்ளிருந்துதான். கண்ணாடி ஓரமாக இறங்கும் மழைத்தண்ணீர் வெளியேறக் கதவின் அடிமடிப்பில் சின்னச் சின்னத் துளைகள் வைத்திருப்பார்கள். மண்ணும் செதிலும் அதை அடைத்துவிட்டால் கதவு ஒரு தொட்டியாகிவிடும். வெளியே பெயிண்டில் ஒரு கொப்புளம் தெரிகிறபோது உள்ளே பாதி வேலை முடிந்துபோயிருக்கும்.

வேலை தெரிந்த டிங்கர் முதலில் உரிப்பதில்லை. விரல் கணுவால் தட்டிக்கொண்டே வருவார். நல்ல தகடு கணீரென்கும், பட்டி தடித்த இடம் பொத்தென்று கேட்கும். சந்தேகம் இருந்தால் துணி சுற்றிய காந்தத்தை வைத்துப் பார்ப்பார். பட்டி கனமாக இருக்கும் இடத்தில் அது ஒட்டாமல் சறுக்கும். பிறகுதான் ரிமூவரோ கிரைண்டரோ. பெயிண்ட் சுருண்டு எழும்பியதும் தகரக் கரண்டியால் வழித்து, ஒயர் பிரஷ் போட்டால் முந்தின வேலைகளெல்லாம் வரிசையாக வெளியே வரும்: போன தடவை அடித்த நிறம், அதற்கு முந்தின நிறம், யாரோ அவசரத்தில் துரு மேலேயே பூசிய பட்டி, அதற்கடியில் கம்பெனி பிரைமர். கதவின் அடியில் பென்சில் முனை நுழையும் ஓட்டை ஒன்றுதான் தெரியும். அதைச் சுற்றி சுத்தியலின் கூர்முனையால் லேசாகக் கொத்தினால் உள்ளங்கை அகலத்துக்குத் தகடு கிழியும். அவர் வெட்டுவது ஓட்டையை அல்ல; கொத்தினாலும் பள்ளம் விழாத நல்ல இரும்பு வரும்வரை வெட்டுகிறார். காலண்டர் அட்டையை வைத்து அச்சு எடுத்து, 20 கேஜ் தகட்டில் துண்டு நறுக்கி, ஆங்கிளின் விளிம்பில் வைத்து மடிப்பைத் தட்டுகிறார். ஓரம் உரசாமல் பொருந்தினால்தான் வெல்டிங். அதுவும் ஒரே இழுப்பில் கிடையாது. இங்கே ஒரு பொட்டு, எதிர்முனையில் ஒரு பொட்டு, நடுவில் ஈரத்துணி. ஒரே பக்கம் சூடு ஏறினால் தகடு அலையடிக்கும், பிறகு எந்தப் பட்டியாலும் அதை நேராக்க முடியாது. கடைசியில் பின்னால் டாலி என்ற இரும்புக் கட்டியைப் பிடித்துக்கொண்டு வெல்டிங் வரியைத் தட்டிப் படியவைப்பார். அடைத்துப்போன தண்ணீர்த் துளையை மறக்காமல் திரும்பப் போடுவார். அதைப் போடாதவர் டிங்கர் இல்லை என்று ஒரு மூத்த கைகாரர் சொல்வார். நானும் அதையே அளவுகோலாக வைத்திருக்கிறேன்.

இதில் எங்கே ஏமாற்று? பட்டி என்பது கடைசியில், கையால் தடவினால் உணரும் மேடுபள்ளத்தை நிரப்ப மெல்லிசாக இழுக்கும் பூச்சு. அதை ஓட்டை அடைக்கப் பயன்படுத்துகிறவர்கள் இருக்கிறார்கள், நிறையவே இருக்கிறார்கள். அலுமினிய வலையைச் செருகி, மேலே பட்டி அப்பி, பெயிண்ட் அடித்துக் கொடுத்தால் மூன்று மாதம் பளபளக்கும். பாலியஸ்டர் பட்டி ஈரத்தை உறிஞ்சும். அடியில் துரு தொடர்ந்து ஓடும். அந்த வேலையை நான் ஆதரிக்கவில்லை. ஆனால் அதைச் செய்யவைப்பது யார்? "எஃப்.சி.க்கு நாளன்னைக்கு வண்டி காட்டணும், ரெண்டாயிரத்துல முடிச்சுக் குடு" என்று நிற்கும் உரிமையாளர்தான் பாதிக்குமேல் காரணம். வாடகை வண்டிகளுக்கு எட்டாண்டு வரை இரண்டாண்டுக்கு ஒருமுறையும் அதற்குப் பின் ஆண்டுதோறும் எஃப்.சி. என்ற தகுதிச் சான்று எடுக்க வேண்டும். அந்தச் சோதனையில் பிரேக், முகப்பு விளக்கு, புகை எல்லாம் கருவியால் அளக்கப்படுகின்றன. தகடு மட்டும் கண்ணால் பார்க்கப்படுகிறது. கண்ணுக்குப் பெயிண்ட்தான் தெரியும். பெயிண்டுக்கு மதிப்பெண் போட்டால் சந்தையில் பெயிண்ட்தான் விற்கும்.

இந்த ஊர்க் காற்றைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். பழைய வண்டியை உடைக்கச் சொல்கிறவர்கள் "கடலோரத்தில் தகடு வேலை நிற்காது" என்கிறார்கள். நிற்காமல் போவதற்குக் காரணம் உண்டு, அதைத் தெரிந்துகொண்டால் நிற்கும். கடல் உப்பு, மணலியிலிருந்தும் எண்ணூரிலிருந்தும் வரும் புகை, அனல்மின் நிலையச் சாம்பல் மூன்றும் சேர்ந்த காற்று இது. துருவின் குழிகளுக்குள் குளோரைடு உட்கார்ந்திருக்கும். கிரைண்டர் மேட்டைச் சீவிப் பளபளப்பாக்கும். குழிக்குள் இருக்கும் உப்பைத் தொடாது. சாயங்காலம் வெள்ளி மாதிரி இருந்த தகடு மறுநாள் காலையில் பழுப்புப் புள்ளி போட்டிருந்தால் அது உப்பின் வேலை. அதன்மேலேயே பிரைமர் அடித்தால் வண்டி போன கையோடு கொப்புளம் வரும். உரித்த தகட்டை நல்ல தண்ணீரால் திரும்பத் திரும்பக் கழுவி, துரு நீக்கும் பாஸ்பாரிக் அமிலம் போட்டு, அதையும் கழுவி, சூடுகாட்டி உலர்த்தி, அன்றைக்கே எபாக்சி பிரைமர் அடிக்க வேண்டும். "பிரைமர் அடிச்சாச்சு, அடுத்த மாசம் பாத்துக்கலாம்" என்று வெயிலிலும் பனியிலும் நிறுத்திவைப்பது வேலையைக் கெடுக்கும். சாதாரண பிரைமர் ஈரத்தைத் தடுக்காது, உள்ளே விடும்.

நல்ல தண்ணீர் என்று சொன்னதைச் சாதாரணமாக விட்டுவிடாதீர்கள். மீஞ்சூர் பக்கத்தில் கடல்நீர் நிலத்தடிக்குள் புகுந்து பல பத்தாண்டுகள் ஆகிவிட்டன. ஆரணி, கொசஸ்தலை ஆற்றுப் படுகைக் கிணறுகள் உவர்ப்பானது ஆய்வாளர்கள் திரும்பத் திரும்பப் பதிவு செய்த விஷயம். இந்தக் கடற்கரையில் பல போர்வெல்களில் வருவது உப்புத்தண்ணீர். வாட்டர் பேப்பர் தேய்க்கும்போது பெயிண்டர் ஊற்றுவது அந்தத் தண்ணீரைத்தான். தேய்த்து, துடைத்து, மேலே கலர் அடிக்கிறார். உப்பைத் தகட்டுக்கும் பெயிண்டுக்கும் நடுவில் தானே வைத்து மூடிவிடுகிறார். ஆறு மாதத்தில் கொப்புளம் வந்ததும் பழி டிங்கர்மேல் விழுகிறது, பிறகு கடல்காற்றுமேல், கடைசியில் வண்டியின் வயதுமேல். ஒரு குடம் மெட்ரோ தண்ணீரால் தீர வேண்டிய விஷயத்துக்கு வண்டியையே உடைக்கச் சொல்வது அநியாயம்.

வசதி உள்ளவர்களிடம் இதற்கு நேரெதிரான ஒரு மோகமும் இருக்கிறது. அதையும் மறுக்க வேண்டும். பழைய அம்பாசிடரையோ பத்மினியையோ வாங்கி, "முழுசா சாண்ட் பிளாஸ்ட் பண்ணி, ஒரு பொட்டு பழைய பெயிண்ட் இல்லாம எடுத்துடுங்க" என்கிறார்கள். கனமான சேசிஸுக்கும் சக்கர டிஸ்க்குக்கும் மணல் அடிக்கலாம். பானட், கூரை போன்ற அகலத் தகட்டில் அடித்தால் தகடு நீண்டு அலைபாயும். அதைத் திரும்பச் சுருக்க ஒவ்வொரு புள்ளியாகச் சூடேற்றி ஈரத்துணி வைக்க வேண்டும். மடிப்புகளுக்குள் புகுந்த மணல் எந்தக் காலத்திலும் முழுதாக வெளியே வராது. கம்பெனிக் காலத்துப் பூச்சு இறுக்கமாக ஒட்டியிருக்கும் இடத்தை உரிப்பதே வீண். நோய் இருக்கும் இடத்தில் தகடு வரைக்கும் உரி, மற்ற இடத்தில் தேய்த்துப் பிடிமானம் கொடு: கைகாரர்கள் செய்வது இதுதான். மணல் தூசி நுரையீரலைக் கல்லாக்கும் என்று பிரிட்டன் 1949-இலேயே மணல் அடிப்புக்கு எதிராக விதி போட்டது. நாம் இன்னும் திறந்தவெளியில், முகத்தில் துண்டோடு அடித்துக்கொண்டிருக்கிறோம்.

"ஏன் இவ்வளவு மெனக்கெடணும், புது டோர் வாங்கி மாட்டிட்டாப் போச்சு" என்பது அடுத்த வாதம். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. இன்றைய கார்களில் சில பாகங்களுக்கு அது சரியும்கூட. பக்கத் தூண்களிலும் கதவுக்குள் இருக்கும் சட்டங்களிலும் வரும் உயர்வலிமை எஃகைச் சூடேற்றித் தட்டினால் அதன் பலமே போய்விடும். அங்கே மாற்றுவதுதான் ஒழுங்கு. ஆனால் பழைய வண்டிக்குப் புதுக் கதவு எங்கே இருக்கிறது? பத்மினி 2000 வாக்கிலும் அம்பாசிடர் 2014-இலும் நின்றுபோயின. வண்டலூரில் செய்த ஸ்டாண்டர்டு ஹெரால்டு அதற்கும் முன்பே போய்விட்டது. சந்தையில் கிடைக்கும் டூப்ளிகேட் மட்கார்டு ஓட்டைக்கு ஓட்டை பொருந்தாமல், அதையும் டிங்கர்தான் தட்டிச் சேர்க்க வேண்டியிருக்கிறது. புதுப்பேட்டையில் வெட்டி விற்கும் பழைய கதவு என்றால் அதன் அடிமடிப்பையும் உரித்துத்தான் பார்க்க வேண்டும்.

இன்சூரன்ஸ் கணக்கைப் போட்டுப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். மோட்டார் காப்பீட்டு விதிப்படி, பத்தாண்டு தாண்டிய வண்டியின் உலோகப் பாகத்துக்கு 50 சதவீதம் தேய்மானம் கழிப்பார்கள். புதுக் கதவு மாற்றினால் பாதி விலை உரிமையாளர் கையிலிருந்து போகும். கூலிக்குத் தேய்மானம் கிடையாது. அதாவது, பழைய வண்டியில் தட்டிச் சரிசெய்வதே உரிமையாளருக்கு லாபம் என்று விதியே சொல்கிறது. ஆனால் மதிப்பீட்டுத் தாளில் பெரும்பாலும் வருவது புது பாகத்தின் விலை. பழுதுச் செலவு காப்பீட்டு மதிப்பில் 75 சதவீதத்தைத் தாண்டினால் வண்டியை முழு நஷ்டம் என்று எழுதிவிடலாம். பழைய வேன் ஒன்றின் மதிப்பு 80,000 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். புதுப் பாகங்களாகப் போட்ட மதிப்பீடு 60,000-ஐத் தாண்டியதும் அந்த வேன் காகிதத்தில் செத்துவிட்டது. அதே வேலையைச் சுத்தியலும் டாலியும் வைத்துச் செய்தால் அந்தக் கோட்டுக்கு வெகு கீழே முடிந்திருக்கும். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் எண்ணூர்ப் பக்கம் வெள்ளமும் எண்ணெய்ப் படலமும் சேர்ந்து தெருத்தெருவாக நின்றபோது, அதில் மூழ்கிய வண்டிக்காரர்களுக்கு வேண்டியிருந்தது கதவைப் பிரித்து, சேற்றை வழித்து, உப்பும் எண்ணெயும் போகக் கழுவி உலர்த்தும் கைகள். அவர்களுக்கு நாம் வைத்திருந்த யோசனையோ புது வண்டிக் கடன்.

உடைக்கக் கொடுத்தால் என்ன கிடைக்கும்? கொள்கை சொல்வதன்படி, புது வண்டியின் ஷோரூம் விலையில் 4 முதல் 6 சதவீதம், அதோடு சான்றிதழைக் காட்டினால் சாலை வரியில் சலுகை. வரிச்சலுகை புது வண்டி வாங்குகிறவனுக்குத்தான். ஓடிக்கொண்டிருக்கும் வண்டியால் குடும்பம் நடத்துகிற மீன்காரருக்கு அந்தச் சலுகையோடு சேர்ந்து வருவது ஐந்தாண்டு மாதத்தவணை.

புகைக்கு என்ன பதில் என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி, மணலியின் காற்றைச் சுவாசிப்பவனிடம் கேட்கத்தக்க கேள்வி. கதவைத் தட்டி நிமிர்த்துவதால் புகை குறையாது, ஒப்புக்கொள்கிறேன். புகையைப் புகைக் கருவியால் அளந்து, தோற்ற வண்டியை நிறுத்துங்கள், அது இரண்டு வயது வண்டியாக இருந்தாலும். புதிதாக ஒரு டன் எஃகு செய்ய இந்தியாவில் சராசரியாக 2.5 டன் அளவுக்குக் கரியமில வாயு வெளியாகிறது. வண்டியைச் சீக்கிரம் சாகவிட்டால் அந்தக் கணக்கு சீக்கிரம் திரும்ப வரும். பழைய இரும்பை உருக்கினால் குறையும் என்பதும் உண்மைதான். உருக்காமல் இருந்தால் அதைவிடக் குறையும். பாதுகாப்பைப் பொறுத்தவரை, அம்பாசிடர் மாதிரி சேசிஸ் தனியாக இல்லாத வண்டியில் அடிச்சட்டமும் சஸ்பென்ஷன் ஏறும் இடமும் அரித்துப்போய், ஒட்டுப்போட நல்ல இரும்பு மிச்சம் இல்லை என்றால், அந்த வண்டியை நானே காயலான் கடைக்கு அனுப்பச் சொல்வேன். அப்படிச் சொல்வதற்கும் முதலில் உரித்துப் பார்த்தாக வேண்டும்.

எனக்கு உறுத்தலாக இருப்பது வேறு விஷயம். இந்த வேலை செய்கிறவர்களின் உடம்பு. பழைய பெயிண்டில், குறிப்பாக மஞ்சளிலும் சிவப்பிலும், ஈயம் இருந்தது. வீட்டுப் பெயிண்டில் ஈயம் 90 பி.பி.எம்.மைத் தாண்டக் கூடாது என்று 2016-இல் விதி வந்தது. அது வீட்டுக்கும் அலங்காரத்துக்கும் ஆன பெயிண்டுக்கு மட்டும். வண்டிப் பெயிண்ட் அதற்குள் வரவில்லை. கிரைண்டர் போட்டால் அந்தத் தூசி மூக்குக்குள் போகிறது, சட்டையோடு வீட்டுக்குப் போகிறது. ரிமூவரில் இருக்கும் மெத்திலீன் குளோரைடு மூடிய இடத்தில் ஆளையே சாய்த்துவிடும். பொதுமக்களுக்கு விற்கும் ரிமூவரில் அதை அமெரிக்கா 2019-இல் தடை செய்தது. டூ-கே பெயிண்டின் ஹார்டனரில் உள்ள ஐசோசயனேட் பெயிண்டர்களுக்கு ஆஸ்துமா கொண்டுவருவது மருத்துவம் அறிந்த உண்மை. கைக்குட்டை கட்டிக்கொண்டால் போதும் என்று நினைக்கிறார்கள், போதாது. பழைய வண்டியைக் காப்பாற்ற வேண்டும் என்று நான் சொல்வதில் முதல் பங்கு இவர்களுக்கு: வடிகட்டி உள்ள முகமூடி, உலர்ந்த தூசி பறக்காமல் ஈரத்தில் தேய்ப்பது, ரிமூவரைத் திறந்தவெளியில் மட்டும் பூசுவது. இந்தக் கொட்டகைகளைச் சாலை அகலப்படுத்தும்போது துரத்த மட்டும் தெரிந்த நகரத்துக்கு, எண்ணூர் நெடுஞ்சாலையோரம் தூசி உறிஞ்சும் கருவியோடு பொதுவான பெயிண்ட் அறை ஒன்று கட்டித்தரத் தெரியாதா? தொழிற்பயிற்சி நிலையங்களில் வாகன உடற்பகுதிப் பழுதுக்கும் வாகன பெயிண்டிங்குக்கும் ஓராண்டுப் படிப்பு பாடத்திட்டத்தில் இருக்கிறது. முப்பது வருடம் சுத்தியல் பிடித்த கைக்கு ஒரு நாள் சோதனை வைத்து அதே சான்றிதழைக் கொடுப்பதில் என்ன தடை?

இன்னொரு முரண்பாட்டைச் சொல்லியாக வேண்டும். 50 ஆண்டு தாண்டிய வண்டிகளுக்கு 2021-இல் விண்டேஜ் விதி வந்தது. 20,000 ரூபாய் கட்டினால் வி.ஏ. என்ற எழுத்தோடு எண் தருகிறார்கள். வண்டியின் கூடும் எஞ்சினும் பெரிய மாற்றம் இல்லாமல் மூலவடிவில் இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. திருவொற்றியூர் என்ஃபீல்டு ஆலையில் 1955-க்குப் பின் செய்த புல்லட்டுகள் இந்த வரிசைக்கு வந்து நிற்கின்றன. இங்கிலாந்துத் தாய் நிறுவனம் மூடிய பிறகும் அந்த வண்டி பிழைத்தது திருவொற்றியூரால். 50 வயதில் பாரம்பரியம் என்று கொண்டாடும் வண்டியை 15 வயதில் காயலான் கடைக்குத் தள்ளச் சொன்னால், அது 50-க்கு எப்படி வந்து சேரும்? நடுவில் இருக்கும் 35 ஆண்டும் அந்த டேங்கின் ஒடுக்கை எடுத்து, மட்கார்டின் உள்வளைவைப் பற்றவைத்து, தண்ணீரில் அலசி ஆவி போக்கிய பிறகே டேங்கில் வெல்டிங் வைத்த ஒரு டிங்கரின் கையில்தான் இருந்தது.

ஆகவே கேட்கிறேன். எஃப்.சி. மையத்தில் பூச்சின் கனம் காட்டும் மீட்டர் ஒன்றை வையுங்கள். பழைய வண்டி வாங்கி விற்கிறவர்கள் சட்டைப்பையில் வைத்திருக்கும் கருவிதான், சில ஆயிரம் ரூபாய். கம்பெனிப் பூச்சு 100 மைக்ரானைச் சுற்றிக் காட்டும். பட்டி அப்பிய இடம் அதைப் பல மடங்கு தாண்டும், அல்லது அடியில் இரும்பே இல்லை என்று காட்டும். தகடு வேலை செய்த வண்டி என்றால், வெல்டிங் முடிந்து பிரைமர் அடிப்பதற்கு முன் எடுத்த படங்களையும் வேலை செய்தவரின் கையெழுத்தோடு பில்லையும் கேளுங்கள். அதில் தேறிய வண்டிக்கு மறுபதிவுக் கட்டணத்தைப் பழைய 600 ரூபாய்க்கே இறக்குங்கள். தேறாத வண்டிக்கு ஒரு மாதம் அவகாசம் கொடுத்து எந்த இடத்தில் இரும்பு இல்லை என்று எழுதிக் கொடுங்கள். அந்தத் தாளை வாங்கிக்கொண்டு வண்டிக்காரர் நேராக டிங்கர் கொட்டகைக்குப் போவார்; எங்கே உரிக்க வேண்டும் என்று அதிலேயே இருக்கும்.